அர்த்தநாரி அண்ணன் தறிச் சத்தத்தைத் துடைத்த கதை

எங்கள் ஆலங்காட்டுப்பாளையத்தில் பிறந்த யாருக்கும் தன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. காவிரிக்கு இந்தக் கரையில் வீட்டுக்கு நாலு தறி, கொஞ்சம் வசதியான வீடென்றால் எட்டு, முதலாளிமார் வீடென்றால் கணக்கே கிடையாது, எல்லாம் விசைத்தறி, எல்லாம் பகலும் இரவும் ஓடுகிறவை. பிள்ளை பிறக்கும்போதும் ஓடும், பெண் பார்க்க வரும்போதும் ஓடும், பிணம் எடுக்கும்போது மட்டும் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நிறுத்துவோம், அப்போதும் அடுத்த தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் எங்களுக்குப் பேச்சு என்பது பாதி கத்தல், பாதி கை ஜாடை. ஊடை நூல் தீர்ந்தால் அதற்கு ஒரு கை, இழை அறுந்தால் ஒரு கை, டீ வந்தால் ஒரு கை, முதலாளி வந்தால் மூக்கைத் தொட வேண்டும். தறி வேலைக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் எங்களிடம் கை இருக்கிறது. உடம்பு முடியவில்லை என்பதற்கு மட்டும் கிடையாது, ஏனென்றால் அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாதே. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத் தறியிடம் சொல்லிவிடுவோம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஷிப்டு ஏறியதும் தறிக்கு முன்னால் நின்று, ஊருக்கு முதுகைக் காட்டி, வாய்விட்டே சொல்லுவோம். மாமியார் சொன்னது, அடிவயிற்று வலி, கனவில் வந்து போனவர்கள், புருஷனைப் பற்றி எழுத்தில் வராத வார்த்தைகள். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும், சொன்னதெல்லாம் துணிக்குள் போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். பக்கத்துத் தறிக்காரிக்கும் கேட்காது, அவள் அவளுடையதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். எங்கள் துணியை எங்கெங்கோ லுங்கியாகக் கட்டிக்கொண்டு திரிகிறார்களாம், பாவம்.

என் பெயர் மரகதம். அர்த்தநாரி அண்ணன் வீட்டில் எட்டுத் தறி. நாலு நான் ஓட்டுகிறேன், நாலு அவர் பெண்சாதி சிந்தாமணி ஓட்டினாள். என் வீட்டுக்காரர் சின்னுச்சாமி அங்கேயே நாடாவுக்கு வேண்டிய ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிறார். அண்ணன் தறி ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. நூல் வாங்குவது, தறியில் பாவு நூல் ஏற்றுவது, துணியைக் கொண்டுபோய்ப் போடுவது, மிச்ச நேரத்தில் பாடுவது, இதுதான் அவர் வேலை. நல்ல மனுஷர், குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். இதற்கு மேல் ஒரு புருஷனிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று ஊரில் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன்.

ஐம்பது வயதை நெருங்கும்போது அவருக்கு ஒரு ஆசை வந்தது. "ஒரு தடவ எங்குரல நான் கேக்கோணும் அம்மிணி. அவ்வளவுதான்" என்று என் காதில் வந்து கத்தினார். ஈரோட்டில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, மைக் வந்தது, மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தரகு பார்க்க ஒரு சிவப்புப் பெட்டி வந்தது, காதில் மாட்டும் ஹெட்போன் வந்தது. நூல் அறையைக் காலி செய்து சுவரெங்கும் முட்டை அட்டையை ஒட்டி, அதற்கு மேல் பழைய ஜமுக்காளத்தை ஆணியடித்தார். அந்த அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அதிலும் மேலே காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக ஒரு ஜாலி உண்டு, அதை மட்டும் மூட மறந்துவிட்டார்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. செல்போன் வீடியோவில் ஒரு சென்னைப் பையன் தமிழில் பாடம் நடத்தினான், அவன் சொல்லச் சொல்ல இவர் செய்தார். முதலில் ஒரு காலை முழுக்கப் பாடினார், கோடு நேராகவே போனது, எந்த மைக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைச் சொன்னால் குரல் வந்தது, ஆனால் பாடியது காதுக்குத் திரும்பி வருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். அதைச் சரிசெய்தால் டிராக் என்றால் என்ன என்று புரியவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே பாட்டை எத்தனையோ தடவை பாடி வைத்து, எல்லாம் சேர்ந்து ஒலித்தபோது கோயில் வாசலில் தள்ளுமுள்ளு நடக்கிற மாதிரி இருந்தது. தாளத்துக்கு மெட்ரோனோம் என்று ஒன்றைத் தட்டிவிடச் சொன்னான் பையன். அது டக் டக் என்று அடிக்க, அண்ணன் அதை எத்தனை மாற்றிப் பார்த்தாலும் தறி ஓடும் வேகத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். வேறு வேகத்தில் அவருக்குப் பாட வரவில்லை.

எல்லாம் ஒருவழியாகப் படிந்த பிறகும் ஒரு தொல்லை போகவில்லை. பாட்டுக்குப் பின்னால், முன்னால், நடுவில், எங்கும் தறிச் சத்தம். திரையில் கோடு தடித்த முள்வேலியாக நின்றது. அதற்கும் பையன் வழி சொன்னான்: யாரும் பாடாமல், பேசாமல், அறை சும்மா இருக்கும்போது கொஞ்சம் பதிவு செய்யுங்கள், அதை மாதிரியாகச் சாஃப்ட்வேருக்குக் காட்டுங்கள், இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும், பிறகு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்று அழுத்துங்கள். அண்ணனும் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தார். வெறும் தறி. எங்கள் ஊரில் சும்மா இருப்பதென்றால் அதுதான், அதற்குள் இன்னொன்று இருக்கும் என்று இங்கே யாருக்கும் தோன்றாது. மாதிரி என்று காட்டினார், நீக்கு என்று அழுத்தினார்.

சாயங்காலம் டீ வருகிற நேரம், ஆலங்காட்டுப்பாளையத்துத் தறிகள் அத்தனையும் சத்தத்தை விட்டன. ஓட்டத்தை விடவில்லை. நாடா பறந்தது, பலகை அடித்தது, துணி வளர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. கரண்டு போய்விட்டதென்று நினைத்து ஊரே டீக்கடைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தது, தலைக்கு மேலே பல்பு எரிவதைப் பார்த்து நின்றது. கரண்டு இருக்கும்போது டீக்குப் போகலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று நடந்தது. ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் தறியிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். கரண்டு போனால் பல்பு அணைந்ததுமே வாயை மூடிக்கொள்வோம், பல்பு எரிய எரியச் சத்தம் மட்டும் நின்றால் வாய் உடனே நிற்குமா? தெருத் தெருவாக, பட்டறை பட்டறையாக, எங்கள் குரல் பாதி வாக்கியத்தில் வெளியே வந்து விழுந்தது. நான், "இந்தாளு ஒருநா படுத்தாத்தான் எனக்கு ஒருநா லீவு" என்று முடித்தபோது, பின்னால் தார்ப் பெட்டியோடு சின்னுச்சாமி நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, நான் படுக்கோணுமா?" என்றார்.

"தறியத்தானுங்க சொன்னேன்" என்றேன்.

"தறியா 'இந்தாளு'?"

அதற்கப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, செருப்பை மாட்டிக்கொண்டே, தார் சுற்றிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் வீடு பரவாயில்லை. மேல வரிசை ராஜாமணி, நடக்கிற வயதில் இறந்துபோன தன் மகன் பெயரைத் தறியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் அந்த வீட்டில் இத்தனை காலம் அந்தப் பெயரை யாரும் எடுக்காமல் இருந்தார்களாம். அவள் புருஷன் தெருவில் உட்கார்ந்து அழுதான். கேட்கக் கூடாததைக் கேட்ட வீடுகளும் உண்டு, அவற்றில் இரண்டு பெண்கள் அம்மா வீட்டுக்குப் போனார்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எது வந்தாலும் மனுஷன் பழகிக்கொள்வான், நாங்களும் பழகினோம். ஊரே கத்திப் பேசிப் பழகிய தொண்டை. "உப்புப் போதுமா" என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதில் சொன்னார்கள். மெதுவாகப் பேச எல்லாரும் பழகினோம், பழகியதும் பேச ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகள் தறிச் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டேன் என்று வீறிட்டன, தொட்டிலுக்குப் பக்கத்தில் தகர டப்பாவைத் தட்டினோம். தறியின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் இழை அறுந்ததைக் கண்டுபிடிப்போம். இப்போது காது சொல்லாததால் ஒவ்வொரு தறியாக உற்றுப் பார்த்தே நிற்க வேண்டியிருந்தது, பார்க்காத தறியில் துணி ஓட்டையோடு வளர்ந்தது, முதலாளிமார் கத்தினார்கள், அதுவும் இப்போது நன்றாகவே காதில் விழுந்தது. மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் வந்து மோட்டார்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டார் நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிப் போனார்.

பெண்களாகிய எங்களுக்கு வாய் அடைத்துப்போனது. எங்கே சொல்வது? அப்போதுதான் ஒருத்தி கண்டுபிடித்தாள், பஸ் ஸ்டாப்பிலிருக்கும் மாவு மில்லின் சத்தம் போகவில்லை என்று. அது தறி இல்லையே, மாதிரியில் அது இல்லை. அடுத்த நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் தூக்குப்போசியில் ராகியோ கம்போ கோதுமையோ எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனோம், வரிசையில் நின்றோம், நம்முடையது அரைபடும் நேரத்தில் மிஷினைப் பார்த்து நின்று கடகடவென்று சொல்லி முடித்தோம். கொஞ்சம் அதிகம் சொல்ல இருக்கிறவள் இரண்டு பங்கு தானியம் கொண்டுவருவாள். மில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் மாவு குவிந்தது, காலையில் களி, மதியம் களி, ராத்திரிக்கு ராகித் தோசை. ஆண்கள் வாயைத் திறக்காமல் தின்றார்கள், அவர்களுக்கும் இன்னொரு தடவை எதையும் கேட்கத் தெம்பில்லை.

இத்தனைக்கும் நடுவில் அர்த்தநாரி அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். தான்தான் துடைத்தேன் என்று அவரே எல்லாரிடமும் சொல்லியிருந்தார், முதலில் பெருமையாக, பிறகு கொஞ்சம் பயந்து. திரும்பக் கொண்டுவா என்று ஊர் கேட்டது. கொண்டுவரலாம், செய்ததைத் திருப்பும் பொத்தான் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கடைசியில் செய்ததிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகும். சத்தத்தை நீக்கிய பிறகு அவர் பாடியதெல்லாம் முதலில் போய்விடும். காவிரியில் வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றி அவரே கட்டிய பாட்டு, ஆயுசிலேயே முதல் தடவையாக அவர் குரல் அதில் சுத்தமாக விழுந்திருந்தது. "ஒரே ஒரு சரணம் பாக்கி, முடிச்சர்றேன், பொறவு நானே திருப்பர்றேன்" என்றார். அந்தச் சரணம் முடியவே இல்லை.

சத்தம் நின்ற அன்றிலிருந்து சிந்தாமணிக்குக் குரல் இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்துத் தறியில் நிற்கிறேன், ஒரே போசியில் தண்ணீர் குடிக்கிறோம், எப்போதும் போல அவள் கையைக் காட்டினாள், நான் கையைக் காட்டினேன், இழை, தார், டீ, எல்லாம் நடந்தது. வீட்டில் அண்ணனுக்கும் அப்படியே. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், அவர் கேட்டதற்குத் தலையாட்டினாள். ஊரிலுள்ள ஒவ்வொரு புருஷனும் பெண்சாதி வாயிலிருந்து எதையோ கேட்டுத் தொலைத்திருக்க, தன் வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை, தன் பெண்சாதிக்குக் குறையே இல்லை என்று அவர் சின்னுச்சாமியிடம் பெருமைப்பட்டுக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கிருத்திகா கூப்பிட்டாள். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். வாரத்தில் ஒரு தடவை சிந்தாமணி செல்போனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்துபோய், தறிச் சத்தம் தேய்கிற இடத்தில் நின்று மகளோடு பேசிவிட்டு வருவாள். இந்தத் தடவை நடக்க வேண்டியதில்லை, வாசலிலேயே எடுத்தாள். அவள் வாய் அசைந்தது. போனில் மகள், "அம்மா? அம்மா, கேக்குதா? அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிந்தாமணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். அதுவரைக்கும் அவளுக்கும் தெரியாது.

அன்றே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிக் கேட்டார், முகம் வெளிறிப்போனது. சிந்தாமணியைப் பார்த்து, "தொண்ட கட்டிருச்சா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், தன் கையால்தான் வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி அந்த அறைக்குள் போனார். ஒரு சரணம்தானே பாக்கி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சிவப்புப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பேன். சிந்தாமணிதான் கையைப் பிடித்து, பாடட்டும் விடு என்று காட்டினாள்.

மகள் விடவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அம்மா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள், கழுத்தை அமுக்கிப் பார்த்தாள். பிறகு நேராக நூல் அறைக்குள் போய் அப்பா எதிரில் நின்றாள்.

"அப்பா, நீங்க அந்த மாதிரிய எடுத்தப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"தறியிலதான் கண்ணு, வேறெங்க."

"எந்தத் தறி?"

அண்ணன் சுவரைக் காட்டினார். ஜாலிக்கு நேர் கீழே முதல் தறி.

"வாய மூடிட்டு இருந்தாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். ஊரில் பெண்கள் தறியிடம் என்ன செய்கிறோம் என்பது இந்நேரம் கம்ப்யூட்டருக்குக் கூடத் தெரிந்திருக்கும். நீக்கு என்ற பொத்தானுக்குக் கீழே இன்னொன்று இருந்தது, நீக்கியதை மட்டும் கேள் என்று. இத்தனை நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. இரைச்சலைத் தனியாக யார் கேட்பார்கள்? ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மகள் அதை அழுத்தினாள்.

அறைக்குள் தறி ஓடியது. அதைக் கேட்டதும் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள், சத்தம் வந்துவிட்டது, சத்தம் வந்துவிட்டது என்று ஒருவன் கூவினான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம். தறிக்கு அடியில் ஒரு குரல் இருந்தது. நாடா போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, அழுகையும் இல்லை.

போதுஞ்சாமி போதுஞ்சாமி போதுஞ்சாமி போதுஞ்சாமி.

அவ்வளவுதான் இருந்தது. யாரைப் பற்றியும் ஒரு வசவு இல்லை, ஒரு குறை இல்லை. பதிவு முடிந்ததும் சாஃப்ட்வேர் மறுபடி ஆரம்பத்துக்குப் போய் அதையே ஓட்டியது, நிறுத்த வேண்டிய மனுஷர் நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். சிந்தாமணி கதவோரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்து, யார் அது என்று கையால் கேட்டாள்.

"நீதாம்மா" என்றாள் கிருத்திகா. "நீதான்."

சிந்தாமணி இன்னும் கொஞ்சம் கேட்டாள். யாரோ தூரத்து உறவுக்காரியைப் பற்றி விசாரிக்கும் முகம். அண்ணன் திரும்பாமலே, "எத்தன வருசமாச் சொல்ற?" என்றார். பதில் வராது என்று அப்புறம்தான் நினைவு வந்து திரும்பினார். அவள் மகளைக் காட்டினாள், பிறகு உள்ளங்கையைக் கீழே இறக்கி, முழங்கால் உயரத்தில் நிறுத்தினாள். இவள் இவ்வளவு இருக்கும்போதிலிருந்து.

அண்ணன் நீக்கியதைத் திருப்பினார். அதற்கு முன்னால் அந்தப் பாட்டைச் செல்போனில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. பொத்தானை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் திரையில் ஒரு சரணம் காணாமல் போனது, பிறகு பல்லவி, பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டது. கடைசித் தடவை அழுத்தியபோது ஊர் இடிந்து விழுகிற மாதிரி எல்லாத் தறியும் ஒன்றாகச் சத்தத்தைப் போட்டன. தொட்டில்களில் குழந்தைகள் கண்ணை மூடின. தெருவில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வேகவேகமாக அவரவர் பட்டறைக்குப் போனார்கள். அந்தச் செல்போன் நகலை அண்ணன் போட்டுப் பார்த்தார். அதிலும் தறி வந்துவிட்டிருந்தது, அவர் குரல் அக்கரையில் யாரோ நின்று கூப்பிடுவது போல எங்கேயோ கேட்டது.

சிந்தாமணி வாயைத் திறந்தாள். குரல் வந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அந்தச் சத்தத்தில் அவளுக்கே தெரிந்திருக்காது. கிருத்திகா அம்மா வாயருகே காதை வைத்தாள், வைத்தவள் அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள், அதனால் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டோம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு சிந்தாமணி அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள், குனிந்தாள், அவர் தலையை இழுத்துப் பிடித்துக் காதுக்குள் கத்தினாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நாளைலிருந்து நான் தறிக்கு வர மாட்டனுங்க! எனக்குப் போதும்!"

ஆர்டர் இருக்கிறது, ஆள் கிடைக்காது, எட்டுத் தறியில் நாலு நின்றால் என்ன ஆகும், இதெல்லாம் அண்ணன் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். கடைசியில் ஒரு கையைக் கத்தியாக்கி இன்னொரு கைமேல் வைத்து அறுத்துக் காட்டினார். பாவு தீர்ந்துவிட்டது என்பதற்கு நாங்கள் காட்டும் கை அது. சிந்தாமணி தலையசைத்தாள்.

இப்போது அந்த நாலு தறியை அண்ணன்தான் ஓட்டுகிறார். பழக்கம் விட்டுப்போனதால் முதலில் அடிக்கடி இழை அறுந்தது, இப்போது பரவாயில்லை. சிந்தாமணி நூல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜாலியில் தலையணையைத் திணித்து அடைத்துவிட்டாள். மகளோடு போனில் பேசுகிறாள், சில நேரம் மைக்கில் எதையாவது பேசி, ஹெட்போனில் கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசுகிறாள். அந்தச் சென்னைப் பையனின் பாடங்களை அவளும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்டேன், "சும்மா" என்று கத்தினாள்.

நேற்றுச் சாயங்கால ஷிப்டில் தார் எடுக்கத் திரும்பினேன். முதல் தறிக்கு முன்னால் அண்ணன் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாடுகிறாரோ என்று பார்த்தேன். பாடினால் அவருக்குத் தலை ஆடும், தலை ஆடவில்லை. நாடா போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, காதோரம் அவர் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.